சேம் சைடு கோலும் இறங்காத கோல்கீப்பரும்

அந்த வருடத்தின் மிகச் சிறந்த கோலுக்கான விருது ஜாய்சனுக்கு என்று அறிவிக்கப்பட்ட அன்று, அந்தக் கோலைத் தடுக்கப் பாய்ந்த லாயிட் இன்னும் தரைக்கு இறங்கியிருக்கவில்லை. பாய்ந்தது ஜனவரியில். அறிவிப்பு வந்தது மே மாதக் கடைசியில், முதல் மழை எங்கள் மர்பி டவுன் சாக்கடைகளைத் தெருவுக்கு அழைத்து வந்த வாரத்தில். நடுவில் இருந்த மாதங்களை லாயிட் இரண்டு கைகளையும் நீட்டி, ஒருக்களித்து, காற்றில் படுத்தபடியே கழித்தார். சாப்பாட்டுக்குக் குறைவில்லை, தூக்கமும் நன்றாகவே வந்தது. கையுறைகளைக் கழற்ற மட்டும் சம்மதிக்கவில்லை.

இருவரும் கன்டோன்மென்ட் யுனைடெட் என்ற அணிக்குச் சம்பளத்துக்கு ஆடியவர்கள். ஜாய்சன் தடுப்பாட்டக்காரன். லாயிட் கோல்கீப்பர், ஜாய்சனின் அக்கா வீணாவின் கணவர். அன்று ஆட்டம் முடியப்போகிற நேரம். எதிரணி ஆட்கள் நெருக்கவே, ஜாய்சன் நடுக்கோட்டுப் பக்கமிருந்து பந்தைத் தன் மாமாவுக்கே திருப்பி அனுப்பினான். பந்து கொஞ்சம் உற்சாகமாக எழும்பிவிட்டது. விளக்குக் கம்பத்தைத் தாண்டியதும் ஒரு பருந்து குறுக்கே வர, அதற்கு வழிவிட்டு அல்சூர் ஏரிப் பக்கம் வளைந்தது. மெட்ரோவில் நின்றுகொண்டு போனவர்கள் அதை ஜன்னல் வழியே பார்த்திருக்கிறார்கள். உட்கார இடம் கிடைத்தவர்கள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏரியில் ஒருமுறை முங்கி எழுந்து, கோயில் கோபுரத்தை மரியாதையாக வலம் வந்து, பந்து திரும்பியது. அதுவரை நடுவர் விசிலை வாயில் வைத்தபடி காத்திருந்தார். கேலரியில் ஒரு சுற்று டீ வந்து, குடித்து, கோப்பையும் திரும்பப் போயிற்று. பந்து பாசி வாசனையோடு இறங்கி, கோல் கம்பத்தின் மேல் மூலைக்குள் பூனை மாதிரி நுழைந்தது. லாயிட் பாய்ந்தார். அவர் விரலுக்கும் பந்துக்கும் நடுவில் ஒரு அப்பளம் போகும் இடம் இருந்தது. எதிரணிக்காரர்கள் கொண்டாட மறந்து கைதட்டினார்கள். நம் ஆட்கள் அழுதுகொண்டே கைதட்டினார்கள். லாயிட் மட்டும் விழவில்லை.

சொந்த வலைக்குள் அடிப்பதற்கு எங்கள் பக்கத்தில் சேம் சைடு என்று பெயர். ஒருவனை அப்படிக் கூப்பிட்டுவிட்டால் அதற்கு மேல் திட்ட வேறு வார்த்தை தேட வேண்டியதில்லை. ஆனால் லாயிடின் மனத்தாங்கல் சேம் சைடு பற்றியதல்ல. கீப்பருக்குப் பந்தைத் திருப்புகிறவன் முதலில் குரல் கொடுக்க வேண்டும். தெருவில் செங்கல் வைத்து ஆடுகிறவர்களுக்கும் தெரிந்த சட்டம் இது.

"நான் மாமான்னு கத்தினேன்" என்றான் ஜாய்சன்.

"கத்தல."

"உங்க காது அடைச்சிருக்கும் மாமா."

"என் காதுல கொசு நினைச்சா கூட கேக்கும் மச்சான். நீ கத்தல."

துணி காயப்போடும் கயிற்றை இடுப்பில் கட்டி லாயிடை வீட்டுக்கு இழுத்து வந்தார்கள். மெட்ரோவில் படுத்துக்கொண்டு பயணம் செய்யக் கூடாது என்று காவலர் சொல்லிவிட்டதால் ஆட்டோவுக்கு மேலே மிதந்து வந்தார். வீட்டில் வேறொரு சிக்கல் தெரிந்தது. டிவியில் அந்தக் கோலைப் போட்டுக் காட்டும் ஒவ்வொரு முறையும் அவர் ஒரு விரற்கடை மேலே போனார். அக்கம்பக்கத்தார் நல்லவர்கள்; ஸ்போர்ட்ஸ் சேனல் வந்தால் சத்தத்தைக் குறைத்தார்கள். அதனால் பயன் ஒன்றுமில்லை. இதற்கிடையில் அணி ஜாய்சனை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. அவன் ஹெப்பகோடியில் ஒரு கம்பெனியில் லோடு ஏற்றப் போனான். அங்கே அவனுக்கு ஜாய்சன் என்று ஒரு பெயர் இருப்பதே யாருக்கும் தெரியவில்லை. மேஸ்திரி முதல் கேன்டீன்காரர் வரை சேம் சைடு என்றுதான் கூப்பிட்டார்கள்.

விருதுக் குழுவின் விதியில் சிறந்த கோல் என்றுதான் இருந்தது. எந்தப் பக்கம் என்று எழுத ஒருவருக்கும் தோன்றியிருக்கவில்லை. ஓட்டுகள் குவிந்தன. எதிரணியின் ஊரே போட்டது. மர்பி டவுனும் போட்டது, அழகு அழகுதானே என்று. வீணா மட்டும் போடவில்லை. அறிவிப்பு வந்த அன்று எல்லா சேனலிலும் பந்து பொழுதெல்லாம் அல்சூரைச் சுற்றியது. சாயங்காலம் லாயிடின் மூக்கு தகரக் கூரையைத் தொட்டது.

"இந்த ஒரு கப்பு வந்தா போதும்க்கா. அப்புறம் எவனும் என்னை அப்படிக் கூப்பிட மாட்டான்."

"விழாவுல பெரிய ஸ்கிரீன்ல போட்டுக் காட்டுவாங்கடா. இவரு கூரையைப் பிச்சிக்கினு போயிடுவாரு. அப்புறம் சர்ச்சுக்கு நான் யார்கூட போறது, ஏரோப்ளேன்கூடயா?"

"அவன் வாங்கட்டும் விடு" என்றார் லாயிட் மேலிருந்து. "அன்னிக்கு என்னைக் கூப்பிடலன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். நான் வேற என்னா கேட்டேன்?"

"கூப்பிட்டதைக் கூப்பிடலன்னு எப்படி மாமா சொல்றது?"

விழா மண்டபத்தின் கூரை கான்கிரீட் என்று விசாரித்துத் தெரிந்துகொண்ட பிறகே வீணா கணவரை அங்கே கூட்டிப்போகச் சம்மதித்தாள். தகரத்தை நம்பி வீட்டில் விட முடியாது. கயிற்றின் மறுமுனையைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்தாள். கோலைத் திரையில் மூன்று முறை போட்டார்கள். முதல் முறையில் லாயிட் சரவிளக்கைத் தாண்டினார். இரண்டாவதில் மழையில் ஊறிய கூரையின் காரை அவர் தோள் பட்டு உதிர்ந்தது. கான்கிரீட்டிலும் விரிசல் விழுமென்று அதைக் கட்டியவருக்கே அன்றுதான் தெரிந்தது. மூன்றாவதில் வீணாவின் செருப்பு தரையில் இருந்தது, வீணா இல்லை.

ஜாய்சன் கையில் கோப்பையைக் கொடுத்து இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். பீடத்தின் மேல் பந்து நிற்கும் பித்தளைக் கோப்பை, நல்ல கனம். அதில் பொறித்த தன் பெயரை அவன் ஒருமுறை முழுதாகப் படித்தான். பிறகு மேலே பார்த்தான். அக்காவின் பாதங்கள் தெரிந்தன, அவற்றுக்கும் மேலே மாமாவின் கையுறைகள்.

"நான் அன்னிக்குக் கூப்பிடல" என்றான் மைக்கில்.

சபைக்கு ஒன்றும் புரியவில்லை. அவன் மைக்கைத் தள்ளிவிட்டு, மர்பி டவுன் வரை கேட்கும்படி, "மாமா" என்று குரல் கொடுத்து, கோப்பையை மேலே வீசினான். லாயிட் அதை இரண்டு கையாலும் பிடித்து மார்போடு அணைத்துக்கொண்டார்.

"இப்ப கேட்டுச்சு மச்சான்."

பித்தளையின் கனத்தில் அவர் மெல்ல இறங்கினார். கட்டில் உயரத்துக்கு வந்து நின்றார், அதற்குக் கீழே வரவில்லை. கோப்பையைக் கையிலிருந்து எடுத்தால் மறுபடி எழும்பினார். ஆகவே எடுக்கவில்லை. ஜாய்சன் பெயர் போட்ட கோப்பை அன்றிலிருந்து லாயிடின் அணைப்பில் இருக்கிறது. ஹெப்பகோடியில் இப்போதும் சேம் சைடு என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஜாய்சன் "இன்னா குரு" என்று சிநேகமாகத் திரும்பிப் பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வீட்டுக்குப் போய், பிரியாணி சாப்பிட்டு, கோப்பையையும் பார்த்துவிட்டு வருகிறான். கிறிஸ்துமஸ் வந்தால் வீணா அதைப் புளி போட்டுத் தேய்க்க எடுக்கிறாள். எடுப்பதற்கு முன் ஃபேனை நிறுத்திவிடுகிறாள்.