டெல்ஃபினின் சைபர்கள்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க்கில் ஒரு காகிதத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்டவளின் கதை இது. முழுதாகச் சொல்லிவிட்டுத்தான் விடுவேன்.

டெல்ஃபினுக்கும் ரோசலிக்கும் ஒரே நோய், ஸ்க்லீரோடெர்மா. தோல் இறுகும், விரல் வெளுக்கும், குடலும் சோம்பிப்போகும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இருவரும் ஒரே ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். போனதும் ஒரு தாள் கொடுப்பார்கள். கடந்த ஏழு நாளில் எத்தனை நாள் நெஞ்சு எரிந்தது, எத்தனை நாள் வயிறு உப்பியது, எத்தனை நாள் வயிற்றுத் தொல்லைக்குப் பயந்து யாரோடும் வெளியே போகாமல் வீட்டிலேயே நின்றாய் என்று கேட்கும். ஒரு நாளும் இல்லையென்றால் சைபர், ஐந்து நாளோ மேலோ என்றால் மூன்று; எல்லாவற்றுக்கும் சராசரி போட்டு ஒரே எண்ணாக்குவார்கள். டாக்டர் அந்த எண்ணைப் பார்த்துத்தான் மருந்தைக் கூட்டுவார், நிறுத்துவார்.

ரோசலியின் எண் எப்போதும் சின்னது. தவக்கால வெள்ளிகளில் சர்ச்சில் எல்லாருக்கும் போடும் மீன் விருந்தில் வறுத்த மீனையும் தின்றுவிட்டுச் சிரித்துக்கொண்டு வருவாள். டெல்ஃபினுக்கு அந்தச் சிரிப்பு நெஞ்செரிச்சலைவிட எரிந்தது.

இந்த முறை டெல்ஃபின் வரிசையாகச் சைபர் போட்டாள்.

"அடியே, எப்படிடி?" என்று ரோசலி எட்டிப் பார்த்தாள்.

"உன்னால மட்டுந்தான் முடியுமா?"

"போன தடவை வயிறு பலூன் மாதிரி இருந்துச்சே!"

"சாப்பிட்டாத்தானே உப்பும்? ராத்திரிச் சாப்பாட்டை விட்டுட்டேன்."

"வெளிய போகாம நின்னதுக்கும் சைபரா?"

"யாரு கூப்பிட்டா, போகாம நிக்கிறதுக்கு?"

"நான் கூப்பிட்டேன், மீன் சாப்பிட. நாலு தடவை. நீதான் போனையே எடுக்கல."

டெல்ஃபின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ரோசலி இல்லாத இடத்தில்தான் அவளால் ரோசலியை ஜெயிக்க முடிந்தது.

நர்ஸ் மார்லா எடை பார்த்தாள். போன தடவையைவிடப் பதினோரு பவுண்டு, ஐந்து கிலோ, குறைந்திருந்தது. தாளையும் எடையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"தங்கம், இந்த எண்ணை உள்ள கொடுத்தா டாக்டர் குடலுக்கான மாத்திரையை நிறுத்திடுவாரு. கொடுக்கட்டுமா?"

டெல்ஃபின் சைபர்களைப் பார்த்தாள். எத்தனை அழகாக இருந்தன!

"இங்க கொடு," என்று மார்லாவிடமிருந்து தாளை வாங்கி இரண்டாகக் கிழித்தாள்.

"வழக்கம்போல சாப்பிடு. அடுத்த வாரம் புதுசா எழுதிட்டு வா. அதுவரைக்கும் மாத்திரை இருக்கட்டும்னு நான் டாக்டர்கிட்ட சொல்றேன்," என்றாள் மார்லா.

அந்த வெள்ளிக்கிழமை டெல்ஃபின் ரோசலியோடு சர்ச்சுக்கு மீன் தின்னப் போனாள். பாதித் துண்டுதான் இறங்கியது. அன்று வயிறு உப்பியது, நெஞ்சும் எரிந்தது; அடுத்து வந்த நாட்களிலும் அப்படியே. புதுத் தாளில் ஒன்று புள்ளி ஏழு வந்தது.

"என்னைவிட ரெண்டு மடங்குடி!" என்றாள் ரோசலி.

"பல்லைக் காட்டாதே."

டாக்டர் மருந்தைக் கூட்டினார். பொறாமை போயிற்றா என்றால், எங்கே போகும்? ரோசலி இரண்டாம் தட்டு வாங்கும்போதெல்லாம் டெல்ஃபின் இன்றும் முறைக்கிறாள். ஆனால் எதிரே உட்கார்ந்துதான் முறைக்கிறாள்.

உங்கள் வீட்டில் வேகிற சோறு எல்லார் வயிற்றிலும் நோகாமல் இறங்கட்டும், கண்ணுகளா. மேசையைச் சுற்றி ஒரு நாற்காலியும் காலியாகக் கிடக்க வேண்டாம்.