மாடியில் தூங்குகிறவள்

காஸில்டவுன்பேர் துறைமுகத்தில் ஒரு நாள் தங்கி ஓய்வெடுப்பது நெஸ்ஸாவின் ஏற்பாடு. மலைச்சாலையில் மிதித்து வந்த காலுக்கு விடுமுறை கொடுக்க வேண்டும் என்றாள். வழிநெடுக அறைகளைக் குளிர்காலத்திலேயே பதிவு செய்துவைத்தாள், இரண்டு பேருக்கு. மார்ச்சில் இறந்துபோனாள். ஜூனில் அவள் கணவன் ஃபெர்கல் தனியாகக் கிளம்பினான். பதிவை ரத்து செய்தால் காரணம் கேட்பார்கள். சைக்கிள் மிதிப்பது அதைவிடச் சுலபம்.

அந்தக் காரணத்தை அவன் இதுவரை தன் வாயால் சொன்னதில்லை. அவனிடம் மருத்துவர் சொன்னார். உறவுக்காரர்களிடம் மைத்துனன் சொன்னான். கோயிலில் பாதிரியார் சொன்னார். மற்ற எல்லோருக்கும் உள்ளூர் வானொலி சொல்லிவிட்டது. அடக்கத்தன்று அவன் கையை நீட்டிக்கொண்டு நின்றான். வந்தவர்கள் குலுக்கிவிட்டுப் போனார்கள்.

ஓய்வு நாளுக்கு முந்தின மாலை, அறை பதிவாகியிருந்த வீட்டுக்கு அவன் வந்து சேர்ந்தபோது வீட்டுக்காரம்மாள் நோரீன் சீட்டாடப் போயிருந்தாள். சாவி பூந்தொட்டிக்கு அடியில் இருந்தது. அதனால் காலைச் சாப்பாட்டு மேசையில்தான் இருவரும் முதலில் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு தட்டு வைத்திருந்தாள்.

"உட்காருப்பா. ஒரு நிமிஷம் பேசாத, செத்தவங்க பேர் வாசிக்கப் போறான்" என்று வானொலியைச் சத்தமாக வைத்தாள். கரண்டியைப் பிடித்தபடி நின்று கேட்டாள். "அட, அட்ரிகோல் பாட்ஸியா! போன ஞாயித்துக்கிழமைகூட என் பின்னாடி உட்கார்ந்து பூசை முழுக்க இருமினாரே. அப்ப அது நெஜ இருமல்தான் போல." சிலுவை போட்டுக்கொண்டாள். முட்டையைத் திருப்பினாள். "சரி, உன் பொண்டாட்டி எங்க? ஆறிடப்போவுது."

ஃபெர்கல் எதிரே இருந்த தட்டைப் பார்த்தான்.

"தூங்கறா" என்றான்.

தடுக்காமல் வந்துவிட்டது. நோரீன் உடனே வானொலியை நிறுத்தினாள்.

"உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

"களைப்புதான்."

"களைப்பா? உன் மூஞ்சியப் பார்த்தா அப்படித் தெரியலையே" என்றாள், குரலைத் தணித்து. அதன்பிறகு கால்விரலை ஊன்றித்தான் நடந்தாள்.

அவன் வெளியே போனான். தூறிக்கொண்டிருந்தது. பெரிய மீன்பிடிக் கப்பல்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நின்றன. எதிரே பேர் என்ற தீவு பாதி தெரிந்தது, பாதி மேகத்தில் இருந்தது. துறையின் கடைசிவரை நடந்து திரும்பினான். பிறகு மறுபடியும் நடந்தான். சைக்கிளில் இருந்தால் அடுத்த வளைவைப் பார்த்தால் போதும். நடக்கிறவனுக்கு எல்லாம் கண்ணில் படுகிறது. இரண்டு கப்பல்களுக்கு நடுவே ஒரு கடல்நாய் வழுக்கைத் தலையைத் தூக்கி, கடன்காரனைக் கண்டவன்போல உடனே முங்கியது. அதைச் சொல்ல இடப்பக்கம் திரும்பினான். இடப்பக்கம், கப்பல் கட்டும் கயிறு சுற்றிய ஓர் இரும்புக் குற்றி இருந்தது.

ரொட்டிக்கடை ஜசிந்தா அவனை உள்ளே கூப்பிட்டாள்.

"நீதானே நோரீன் வீட்ல தங்கியிருக்கற சைக்கிள்காரன்? பொண்டாட்டி எப்படி இருக்கா?"

"பரவாயில்ல."

"நோரீன் போன் பண்ணினா. சத்தம் கேக்குமேன்னு வீடே பெருக்கலையாம்! இதெல்லாம் பத்திரிகைல போடணும்." ஸ்கோன் என்ற குட்டி ரொட்டி ஒன்றைச் சூடாகக் காகிதத்தில் சுற்றினாள். "இது அவளுக்கு. வழியில நீ தின்னுடாத. ஆம்பளைங்கள நம்ப முடியாது."

மீன்துறையில் பெட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்த டொனக்காவுக்கும் விஷயம் தெரிந்திருந்தது.

"ஏ சைக்கிள் வீரா! மலையேத்தியே பொண்டாட்டியக் கொன்னுட்டியாமே!"

ஃபெர்கல் சிரித்தான். முகம் தானாகவே அதைச் செய்தது.

டொனக்கா ஒரு துண்டு மீனை வெட்டிக் கொடுத்தான். "பால்ல வேகவெச்சுக் குடுக்கச் சொல்லு. நாளைக்கு உன்ன முந்திக்கிட்டுப் போவா பாரு."

மதில் ஓரமாக உட்கார்ந்து ஸ்கோனைத் தின்றான். வெண்ணெய் இருந்தது, ருசி தெரியவில்லை. மீனை என்ன செய்வதென்று தெரியவில்லை. மடியில் வைத்துக்கொண்டான். காற்சட்டை நனைந்தது. ஊரில் எல்லோரும் அவளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள், அவள் இருப்பதுபோல. அவர்கள் பேசட்டும் என்றிருந்தது. நாளைக் காலை கிளம்பிவிட்டால் இந்த ஊரில் அவள் இருந்தபடியே இருப்பாள்.

வீட்டுக்குத் திரும்பியபோது நோரீன் படிக்கட்டின் கீழே கோட்டு போட்டு நின்றிருந்தாள்.

"நல்லவேளை வந்த. இந்நேரம் ஆச்சு, மேல ஒரு சத்தம் இல்ல. என் தங்கச்சி பொண்ணு நர்சு, அவள வரச்சொல்லியிருக்கேன். கோவிச்சுக்காத. கதவத் திற, நான் முதல்ல ஒரு எட்டு பாத்துடறேன்."

அவள் இரண்டு படி ஏறினாள்.

"மேல யாரும் இல்ல" என்றான்.

"எங்க போயிட்டா?"

ஃபெர்கல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். சொல்ல வேண்டிய சொல் இதுவரை மற்றவர்களுடையதாகவே இருந்தது.

"இறந்துட்டா. மார்ச்சுல."

நோரீன் படியிலேயே உட்கார்ந்தாள். கோட்டுப் பொத்தானை ஒவ்வொன்றாகக் கழற்றினாள்.

"எப்படிப்பா?"

"தலைக்குள்ள ரத்தக்குழாய். பாடம் நடத்திட்டு இருந்தா."

"சின்னப் பொண்ணா?"

"முப்பத்தொண்ணு."

"நான் காலைலேருந்து இருமக்கூட இல்லடா" என்றாள். பிறகு எழுந்து இரண்டு கையாலும் அவன் கையைப் பிடித்தாள். வெகுநேரம் விடவில்லை.

"மன்னிச்சுக்குங்க."

"மன்னிப்பு கெடக்கட்டும். ஜசிந்தா ராத்திரிக்கு சூப் வைக்கறா. டொனக்கா ரெண்டு தடவ போன் பண்ணிட்டான். இத நான் போய் மாத்திச் சொல்ல மாட்டேன். என் வாயி அதுக்கு வராது. உன் பொண்டாட்டி, நீ போய்ச் சொல்லு."

"நாளைக்குக் காலைல கிளம்பிடுவேன்."

"அப்ப இன்னைக்கே போ. கடையடைச்சிடுவா."

அவன் போனான்.

ஜசிந்தா சல்லடையைக் கீழே வைத்தாள். கடையில் வேறு இரண்டு பேர் இருந்தார்கள். அவன் சொன்னது அவர்கள் காதிலும் விழுந்தது. மூவரும் வரிசையாகக் கையைக் குலுக்கினார்கள். இந்தத் தடவை அவர்களுடைய முகத்தைப் பார்த்தான். ஜசிந்தாவின் புருவத்தில் மாவு இருந்தது.

"பேரு என்னப்பா?"

"நெஸ்ஸா."

"நெஸ்ஸா" என்றாள் அவள், சரிபார்ப்பதுபோல.

மீன்துறையில் டொனக்கா முதுகைக் காட்டி நின்று குழாயால் தரையைக் கழுவிக்கொண்டிருந்தான். தண்ணீர் சிமென்டில் அறைந்தது. ஃபெர்கல் பின்னால் நின்று சொன்னான்.

டொனக்கா திரும்பினான். முகமெல்லாம் சிரிப்பு.

"என்ன? எழுந்துட்டாளா? சத்தத்துல கேக்கல, இரு."

குழாயை மூடினான். துறை முழுக்க அமைதியானது. அவன் காதைச் சற்று முன்னால் நீட்டிக்கொண்டு காத்திருந்தான்.

ஃபெர்கல் மறுபடியும் சொன்னான்.