லொரெட்டாவுக்கு எஞ்சின் தேடிய வருடம்

லொரெட்டாவின் பழைய எஞ்சின்கள் இரண்டையும் கிரேன் வைத்துத் தூக்கி வெளியே எடுத்த ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி, அந்தப் படகு தண்ணீரை விட்டு எழுந்து ஆள் மார்பு உயரத்தில் நின்றுகொண்டது. எடை குறைந்தால் படகு சற்று மேலே வரும் என்பது எங்கள் ஜான்ஸ்டன் ஆற்றுக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். இது கொஞ்சம் கூடுதலாக வந்துவிட்டது, அவ்வளவுதான். அடியில் ஒட்டியிருந்த சிப்பிகள் ஒரு வாரம் நீர் சொட்டிவிட்டு உதிர்ந்தன. துறைமுக அலுவலர் வந்து பார்த்தார். அவருடைய படிவத்தில் இதற்கென்று கட்டம் எதுவும் இல்லாததால் ‘கட்டப்பட்டுள்ளது’ என்று எழுதிக்கொண்டு போனார். பொய்யொன்றும் இல்லை. நான்கு கயிறுகளால் கட்டித்தான் இருந்தது.

படகு டாரியோ பெர்ட்டோலினுடையது. முப்பத்தெட்டு அடி, செடார் மரம், மார்லின் என்கிற ஈட்டிமூக்குப் பெருமீனைப் பிடிக்க ஆசைப்பட்டு வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு போகும் படகு. அம்மாவின் பெயரை அதற்கு வைத்திருந்தான். மாமியார் முதுகில் ஏறி வேலை பார்த்த ஒரே மருமகள் நான்தான் என்று அவன் மனைவி நொரீன் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். சிரிப்பாளே தவிர, முந்நூறு கிலோ மார்லின் படகின் ஓரத்துக்கு வரும்போது தூண்டில் கம்பியைக் கையில் சுற்றிப் பிடித்து நிறுத்துகிற வேலையை முப்பத்தொரு வருடம் செய்தவள் அவள்தான். அந்தப் பிப்ரவரியில் அவள் கணையத்தில் ஒன்று வளர்ந்திருப்பதை டாக்டர் கண்டுபிடித்தார். ஆகஸ்டைத் தாண்டுவது கஷ்டம் என்றார். நொரீன் அழவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். லொரெட்டாவில் இன்னொரு முறை வெளிப்பவளத்திட்டின் விளிம்புக்குப் போக வேண்டும், பச்சைத் தண்ணீர் வெட்டினாற்போல் முடிந்து கருநீலம் தொடங்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். ஒரு நாள் பயணம். டாரியோ சத்தியம் செய்தான். மூன்று முறை பிரித்துக் கோத்த எஞ்சின்களுக்கு இனி உதிரிபாகம் கிடைக்காது என்பதால்தான் அவற்றைக் கழற்றினான்.

அளவுக்குப் பொருந்தும் எஞ்சின் எது கிடைத்திருந்தாலும் போதும். ஆனால் எங்கள் ஆற்றில் ஒரு பைத்தியக்காரத்தனம் உண்டு. மார்லின் இரைக்கு வருவதில்லை, எஞ்சின் சத்தத்துக்குத்தான் வருகிறது என்று இங்கே எல்லோரும் நம்புகிறோம். ஒரே மாதிரி இரண்டு படகுகள் பக்கத்துப் பக்கத்தில் போனால் ஒன்றின் பின்னால் மட்டும் மீன் எழும்பும். லொரெட்டாவின் பின்னால் எழும்பிய மாதிரி வேறெதன் பின்னாலும் எழும்பியதில்லை. அதனால் டாரியோ அதே சத்தம் உள்ள ஜோடியைத் தேடினான். கடற்கரை ஊர்களாகத் தேடி, கெய்ர்ன்ஸ் போனான், டவுன்ஸ்வில் போனான், மெக்கேவுக்கு மூன்று தடவை போனான். ஊர்பேர் தெரியாதவர்களின் படகில் ஏறி, துடைப்பக் கட்டையை மேல்தளத்தில் ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்து எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றான். ஒன்று எடை போதாது, ஒன்று விசிலடிக்கிறது, ஒன்றில் கியர் விகிதம் சரியில்லை. மே போனது, ஜூன் போனது. நொரீன் சமையலறை நாற்காலியில் இளைத்துக்கொண்டிருந்தாள்.

“எதையாவது ரெண்டப் போடு டாரியோ. கரும்பு டிராக்டர் எஞ்சின்னாலும் பரவால்ல” என்றாள்.

“மீன் வராதுடி.”

“மீன யாரு கேட்டா? நான் தண்ணியப் பாக்கணும்.”

இறால் படகு வைத்திருக்கும் கீத் ராங்கினும் சொல்லிப் பார்த்தான். “அது பாட்டுக்கு அந்தரத்துலதானே நிக்குது. ஒரு கயித்தக் கட்டி நான் இழுத்துட்டுப் போறேன்டா.”

“மார்லின் படக இறால் படகு இழுத்துட்டுப் போறதா? ஊரே சிரிக்கும்.”

“ஊரு ஏப்ரல்லேருந்து சிரிச்சுட்டுத்தான் இருக்கு. உனக்குத்தான் காதுல துடைப்பக் கட்டை.”

டாரியோ கேட்கவில்லை. கேட்டிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது. எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்: எஞ்சின் கிடைத்துவிட்டால் அந்தப் பயணம் வந்துவிடும், பயணம் முடிந்தால் அதற்கடுத்தது வந்துவிடும் என்று அவன் பயந்தான். தேடிக்கொண்டே இருக்கும்வரை எதுவும் முடியாது என்று நினைத்துவிட்டான் பாவி.

ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி, மெக்கேவில் நான்காவது தடவை, அந்தச் சத்தம் கிடைத்தது. அன்று காலையில் நொரீன் துறைக்கு நடந்து வந்தாள். ஏணி வைத்து லொரெட்டாவில் ஏறினாள். கயிறுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். கரையிலிருந்து கடலுக்குப் போகும் காலைக்காற்று படகை மெதுவாகத் தள்ளிக்கொண்டு போனது. முகத்துவாரத்தில் திரும்பி வந்துகொண்டிருந்த கீத், தன் பாய்மரத்துக்குப் பக்கத்தில் அது போவதைப் பார்த்து எஞ்சினைக் குறைத்தான். அவள் மீன்பிடி நாற்காலியில் உட்கார்ந்து மாட்டிறைச்சி சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தாள்.

“எறக்கி விடவா நொரீன்?” என்று கத்தினான்.

“வேணாம். அவன் எஞ்சின எடுத்துட்டானா?”

“மெக்கேல இருக்கான்.”

“நல்லாப் பாத்தே எடுக்கட்டும்” என்று சொல்லிச் சிரித்தாளாம். சிரிப்பில் கோபம் இல்லை என்று கீத் இன்றும் சொல்கிறான். அதுதான் தாங்க முடியவில்லை என்றும் சொல்கிறான்.

மறுநாள் டாரியோ லாரியில் இரண்டு எஞ்சின்களோடு வந்து சேர்ந்தபோது துறையில் கயிறு கட்டும் கட்டைகள் மட்டும் நின்றன. போலீஸ் படகுகள் ஆறு நாள் கடலைத் தேடின. தண்ணீருக்கு மேலே தேட அவர்களுக்கு உத்தரவு இல்லை. உடல் கிடைக்காததால் டாக்டர் இறப்புச் சான்றிதழ் எழுத மறுத்துவிட்டார். டாரியோ எஞ்சின்களைக் கொட்டகையில் ஏற்றி வைத்து, சும்மா கிடந்தால் இறுகிப்போகும் என்று சனிக்கிழமைதோறும் ஓட்டினான். நல்ல சத்தம். அந்தப் பக்கம் போகும்போது நாங்கள் நடையை எட்டிப் போட்டோம். அக்டோபரில் விளிம்புப் பக்கம் போனவர்கள் லொரெட்டாவைப் பார்த்ததாகச் சொன்னார்கள். அடுத்த அக்டோபரிலும் சொன்னார்கள். நாற்காலியில் ஆள் இருக்கிறது, கூப்பிட்டால் திரும்பவில்லை என்றார்கள். உயிரோடிருக்கிறாளா என்று யாரும் யாரையும் கேட்டதில்லை.

மூன்றாம் வருடம் கீத் டாரியோவைத் தன் இறால் படகில் விளிம்புக்குக் கூட்டிப்போனான். தெற்கிலிருந்து லொரெட்டா வந்தது. பெயின்ட் வெளுத்திருந்தது. எஞ்சின் இருந்த இடத்தில் ஆலாப் பறவைகள் கூடு கட்டிக் கீச்சிட்டுக்கொண்டிருந்தன. நிழல் அவர்கள்மேல் விழுந்தது. டாரியோ இரண்டு வருடமாகச் சேர்த்துவைத்திருந்ததைக் கத்தினான்: “நொரீன், ரெண்டும் தயாரா இருக்கு! சத்தம் அப்படியே இருக்கு! எறங்கி வா!” மேலே முதுகு மட்டும் தெரிந்தது. காற்றிலோ என்னவோ நாற்காலி கொஞ்சம் திரும்பியது, மறுபடி பழைய பக்கமே போய்விட்டது.

“கீத், அத நிறுத்து” என்றான் டாரியோ. கீத் எஞ்சினை நிறுத்தினான். தண்ணீர்ச் சத்தம் மட்டும் இருந்தது. “உன்கூட வீட்ல உக்காந்திருக்கணும் நான்” என்று டாரியோ மெதுவாகத்தான் சொன்னான், பிறகு வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். லொரெட்டா பச்சைத் தண்ணீரைக் கடந்து கருநீலத்தின் மேலே போனது.

கீத் தன் பதிவேட்டில் ‘பத்து நாற்பது, எஞ்சின் இல்லாத படகு ஒன்றுக்கு வழிவிட்டோம்’ என்று எழுதினான். இப்போது அந்தப் பக்கம் போகிற எல்லாப் படகுகளும் அப்படித்தான் செய்கின்றன. எஞ்சினை அணைத்துவிட்டு, அது கடந்து போகும்வரை காத்திருக்கின்றன.