தோற்றவர் வீட்டு வாசல்

கடலைமிட்டாய்க் கடைக்கே ஈ வராத மதிய நேரம். கோவில்பட்டி வெயிலுக்குப் பயந்து பாதி ஷட்டரை இறக்கிவிட்டுக் கல்லாவில் உட்கார்ந்திருந்தார் சிவனாண்டி. கண் போன் மேலேயே இருந்தது. ஸ்காட்லாந்தில் இப்போது காலை. மகள் இசக்கிச்செல்வி நர்ஸ் வேலை பார்க்கிற சின்ன ஊரில் கவுன்சிலர் இடைத்தேர்தல் முடிந்து, ஓட்டு எண்ணிக்கொண்டிருந்தார்கள். எதிர் பெஞ்சில் சங்கரபாண்டி. அவர் தினமும் வருவார், பாதி மிட்டாயை ருசி பார்த்தே தீர்ப்பார்.

வெளியிலிருந்து வந்தவர்களெல்லாம் திரும்பிப் போனால் நாடு உருப்பட்டுவிடும் என்று சொல்லிக்கொண்டு ஒரு கட்சி அங்கே புதிதாகக் கிளம்பியிருந்தது. அந்தக் கட்சிக்கு நின்றவர் செல்விக்கு அடுத்த வீட்டுக்காரர், பெயர் இயன். பனிக்காலத்தில் தன் வாசலோடு அவள் வாசலையும் சேர்த்து வழித்துவிடுகிற மனுஷன். "உன்னைச் சொல்லவில்லை அம்மா, மற்றவர்களைத்தான்" என்று வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னாராம். அன்றோடு செல்விக்குத் தூக்கம் போயிற்று. அங்கேயே இருந்துவிடுவதா, ஊருக்கு வந்துவிடுவதா என்று அல்லாடிக்கொண்டிருந்தாள்.

சிவனாண்டிக்கு எந்த அல்லாட்டமும் இல்லை. மகள் வரவேண்டும். மாடியில் ஒரு அறை கட்டி, பெயிண்ட் அடித்து, யாரையும் ஏறவிடாமல் பூட்டி வைத்திருந்தார். அந்தக் கட்சி ஜெயித்தால் வந்துவிடுவாள் என்று உள்ளுக்குள் ஒரு நினைப்பு ஓடியது. பெற்ற பிள்ளையை விரட்டுகிறவன் ஜெயிக்கவேண்டும் என்று நினைக்கிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

போன் அடித்தது. வீடியோவில் செல்வி தெருவில் நடந்துகொண்டே பேசினாள்.

"அப்பா, மொத எண்ணிக்கைல இயன்தான் முன்னாடி."

"போச்சு," என்றார் சங்கரபாண்டி.

"பொறுங்க மாமா. இங்கன ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு நம்பர் போட்டுத்தான் ஓட்டு. கடைசி ஆளைத் தள்ளிட்டு, அந்த ஆளுக்குப் போட்டவங்க ரெண்டாவதா யாரைச் சொல்லியிருக்காங்கன்னு பாத்துச் சேப்பாவ. அப்படிச் சேத்ததுல இயன் தோத்துட்டாவ."

சங்கரபாண்டி கை தட்டினார். "நல்லது தாயி," என்றார் சிவனாண்டி. குரலில் சுரத்தே இல்லை.

"ஆனா எங்க தெருவுல நெறைய பேரு அவியளுக்குத்தான் போட்டுருக்காவளாம். பஸ் ஸ்டாப்புல தெனமும் சிரிக்க மூஞ்சில அப்படிப் போட்டது எது எதுன்னு பாத்துக்கிட்டே வாரேன்."

சிவனாண்டிக்கு, முன்பு கழுகுமலைப் பக்கத்தில் சொந்த ஊரில் வார்டு மெம்பருக்கு நின்று, இதே சங்கரபாண்டியிடம் தோற்றது நினைவுக்கு வந்தது. இவருக்குப் பூட்டு சின்னம், அவருக்குச் சீப்பு. மழைக்குக் கரிசல் நெகிழ்ந்து கிடந்தது. செருப்பில் அப்பிய மண்ணைக் குச்சியால் சுரண்டிவிட்டுத்தான் சனங்கள் ஓட்டுப் போட வரிசையில் நின்றார்கள். ஜெயித்தவன் மாலையோடு முதலில் தோற்றவன் வீட்டுக்குப் போய் ஒரு செம்புத் தண்ணீர் வாங்கிக் குடிக்கவேண்டும், அதற்குப் பிறகுதான் வேட்டு என்பது அந்த ஊர் வழக்கம். சங்கரபாண்டி வாசலில் வந்து நின்றபோது சிவனாண்டி கதவைத் திறக்கவில்லை. பாயில் படுத்துக்கொண்டு, தெருவில் எந்த வீடு தன்னைக் கவிழ்த்தது என்று ஒவ்வொன்றாக யோசித்துக்கொண்டிருந்தார். வெளியே சரவெடியைக் கையில் பிடித்தபடி கூட்டம் காத்துக் கிடந்தது. கடைசியில் குழந்தை செல்விதான் எக்கி நாதாங்கியை எடுத்துவிட்டாள். சங்கரபாண்டி குடித்த தண்ணீரில் பாதி சட்டையில்தான் சிந்தியது. என்ன நாட்கள் அவை! அதில் தோற்றதுகூட இப்போது இனித்தது.

வந்துரு தாயி என்று சொல்ல வாயெடுத்தார்.

"அப்பா, நாம ஜெயிச்சிருக்கோம்லா? அப்ப நாமதான அவிய வீட்டுக்குப் போணும்?"

அந்த ஊர்க்காரியாகவே நாம என்று சொல்லிவிட்டாள். மாடி அறைச் சாவி கல்லாவுக்குள் கிடந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை.

"அங்கன அந்த வழக்கமெல்லாம் கெடையாதே தாயி."

"அவியளுக்குக் கெடையாது. எனக்கு உண்டுல்லா?"

"வெறுங்கையோட போவாத. நான் அனுப்புன மிட்டாய் மிச்சம் இருக்கா?" என்று கேட்டார் சிவனாண்டி.

இருந்தது. வீட்டுக்குள் போய்ப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். போனில் அவள் செருப்பு தெரிந்தது, ஈரப்புல் தெரிந்தது, இயன் பெயர் போட்ட பலகை வேலியோரம் பிடுங்கிச் சாத்தியிருந்தது தெரிந்தது. பிறகு ஒரு நீலக் கதவு. மணியை அழுத்தினாள். ஜன்னல் திரை லேசாக அசைந்தது. யாரும் வரவில்லை.

"தெறக்க மாட்டாவ," என்றார் சிவனாண்டி. "உள்ளதான் இருப்பாவ."

சங்கரபாண்டி எழுந்து வந்து போனுக்குள் தலையை விட்டார்.

"ஏட்டி செல்வி, அந்த வீட்டுல சின்னப் பிள்ளை யாராவது இருக்கா?"

மறுபடி மணியை அழுத்தினாள். கையிலிருந்த கடலைமிட்டாய்ப் பொட்டலத்தின் மேல் அந்த ஊர்த் தூறல் விழுந்துகொண்டிருந்தது.