அப்பாவு டூட்டியில் மட்டும்

காட்டுப்பாக்கத்தில் குடிவந்த அன்றே, ஐ.டி.யில் வேலை என்று வாயை விட்டுவிட்டேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். எங்கள் அபார்ட்மென்ட்டில் யார் வீட்டு பிரிண்டர் படுத்தாலும் "அகல்யாவைக் கூப்பிடு" என்பார்கள். அப்படித்தான் வாட்ச்மேன் ரூம் கம்ப்யூட்டரும் என் தலையில் விழுந்தது.

கேமராக்கள் எடுப்பதெல்லாம் அதில்தான் பதிவாகும். தினமும் காலையில் கொஞ்ச நேரம் மட்டும் பதிவு காணாமல் போனது. அதுவும் வாட்ச்மேன் அப்பாவு டூட்டியில் மட்டும். செயலாளர் தட்சிணாமூர்த்தி சாருக்கு இது போதாதா? "தூங்கறதுக்காக அவனே ஆஃப் பண்றான்" என்று முடிவுகட்டிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் அப்பாவுவை வேலையை விட்டு அனுப்புவதாக ஏற்பாடு.

"நான் அத்த தொடவே இல்லமா. பாத்தாலே பயம் எனக்கு" என்றார் அப்பாவு. "இந்த வேல பூட்ச்சுன்னா இந்த வயசுல எவன்மா கூப்ட்டு குடுப்பான்?"

அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

கம்ப்யூட்டர் தன் பாட்டுக்கு எழுதிவைக்கும் லாகைத் திறந்தேன். டிஸ்க் பதில் சொல்லவில்லை, மறுபடி கேட்கிறேன், இன்னும் சொல்லவில்லை என்று வரிவரியாகப் புலம்பியிருந்தது. யாரும் ஆஃப் செய்யவில்லை. கேபிளை மாற்றினேன். டிஸ்க்கையே மாற்றினேன். புது டிஸ்க்கும் அதே புலம்பல், அதே அப்பாவு டூட்டி.

"பாத்தியாம்மா, ஆஃப் பண்ணலன்னா எதையோ நோண்டறான். மெஷினே சாட்சி சொல்லுது" என்றார் செயலாளர். எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது.

சனிக்கிழமை காலையிலேயே போய், லாகைத் திறந்துவைத்துக்கொண்டு அப்பாவு பக்கத்தில் உட்கார்ந்தேன். டிஸ்க் சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்தது. வாக்கிங் முடித்துச் செயலாளர் வந்தார். மனிதர் பாடி ஃபேக்டரி ஒன்றில் பிரஸ் மெஷின்களுக்கு நடுவே சூப்பர்வைசராக இருந்து ரிட்டயர் ஆனவர். அவர் சௌக்கியம் விசாரித்தாலே தெருநாய் எழுந்து ஓடும்.

"நேத்தும் ரெக்கார்டிங் இல்ல. என்னய்யா பண்றே இங்க?" என்று கத்தி, கம்ப்யூட்டர் தலையிலேயே ஓங்கி ஓங்கித் தட்டினார்.

திரையில் பிழைகள் கொட்டின. அவர் மூச்சு வாங்க நிறுத்தினார். பிழைகளும் நின்றன.

அட கடவுளே.

"சார், இன்னொரு தடவை திட்டுங்க."

"காரணம் இல்லாம எப்படிம்மா திட்றது?" நிஜமாகவே தவித்தார்.

அப்பாவுவுக்குத்தான் மனசு கேட்கவில்லை. "மோட்டார நிறுத்த மறந்துட்டேன் சார். டேங்க் ரொம்பி ஊத்திகினு கீது."

அப்புறம் என்ன, மழைதான். செயலாளர் வாயிலும் திரையிலும்.

டிஸ்க்குக்குள் ஒரு தட்டு சுழல்கிறது. அதைப் படிக்கிற முள் கத்தலும் தட்டலும் தருகிற அதிர்வில் தடுமாறுகிறது, அவ்வளவுதான். பதிவு இல்லை என்று தினமும் திட்டுகிறார். திட்டுவதால் பதிவு இல்லை. இதைக் கூட்டத்தில் சொன்னேன். ஒருத்தரும் நம்பவில்லை. ஆளாளுக்குச் சோதித்துப் பார்க்க வந்தார்கள். கிருபாகரன் பார்க்கிங்குக்காகக் கத்தினார். மங்களம் அக்கா, மாடிவீட்டுத் துணி தன் பால்கனியில் சொட்டுவதற்காகக் கத்தித் தட்டினார். வரிசை கட்டி நின்றார்கள். எல்லோரிடமும் அவ்வளவு சரக்கு இருந்திருக்கிறது. பாவம் டிஸ்க், ஒருத்தருக்கும் பதில் சொல்லாமல் நின்றது.

அப்பாவு வேலை தப்பியது. 'கம்ப்யூட்டர் முன் கத்தக்கூடாது' என்று அறைச் சுவரில் எழுதி ஒட்டவும் தீர்மானம் போட்டார்கள். மனுஷனுக்கு இல்லாத கரிசனம் மெஷினுக்கா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

மறுநாள் ஆபீஸ் கிளம்பும்போது பார்த்தேன். செயலாளர் வாசலில் நின்று, அறைக்குள் எட்டிப்பார்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு குழைந்தார். "அப்பாவு, கொஞ்சம் வெளிய வாப்பா. உங்கிட்ட பேசணும்."

அப்பாவு நாற்காலியை இழுத்து, கம்ப்யூட்டரை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தார்.

"இன்னாவா இருந்தாலும் உள்ள வந்தே சொல்லுங்க சார்."