ரீச்சருக்காக வாங்கிய வண்டி

1

இந்தக் கதையில் வரும் மனிதருக்கு அந்த வண்டியை விற்றவன் நான்தான். என் பெயர் பலீல். 2005இல் பதுளையில் வாகனத் தரகனாக இருந்தேன். எஞ்சினுக்கு நடுவே ஓடும் பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாய்கள் இன்றோ நாளையோ வெடிக்கும் என்று, வண்டியைக் கொழும்பிலிருந்து ஓட்டி வந்தவன் என்னிடம் சொன்னான். நான் எஞ்சினைக் கழுவித் துடைத்து, தண்ணீர் நிரப்பி, வண்டியை வாசலில் நிறுத்தினேன். கதை எழுத வந்த காரணம் அதுதான்.

தொடக்கத்தை மூன்று தடவை எழுதினேன்.

‘பதுளையில் மழை கொட்டிய ஒரு மாலையில்...’ (பொய். அன்று நல்ல வெயில். மழை எனக்கு வசதியானது. மழையில் யாருக்கும் எதுவும் தெரியாமல் போகலாம்.)

‘சொகுசு வண்டியைப் பழையதாக வாங்குகிறவர் பராமரிப்புச் செலவையும் யோசித்துத்தான்...’ (இது தரகனின் வாய். வெட்டிவிட்டேன்.)

‘அன்று நான் மட்டும் அந்தக் குழாயைப் பற்றி’

இதற்கு மேல் அந்த வாக்கியம் நகரவில்லை. ஆகவே என்னை ஓரமாக வைத்துவிட்டு அவரிலிருந்து தொடங்குகிறேன்.

2

ஸ்ரீஸ்கந்தராஜா நீர்ப்பாசன எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊர் யாழ்ப்பாணம், முப்பது வருடமாகப் பதுளை வாசம். மனைவி சுலோஜனா இங்கே பாடசாலையில் கணிதம் படிப்பிக்கும் ரீச்சர். முள்ளந்தண்டில் ஒப்பரேசன் செய்தவர்.

2002இல் போர் நிறுத்தமாகி யாழ்ப்பாணப் பாதை திறந்ததும் இருவரும் ஒரு வாடகை வானில் புறப்பட்டார்கள். ரீச்சர் தன் தங்கை கேசினியைக் கண்டு பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. வவுனியா தாண்டியதும் பள்ளங்கள் தொடங்கின. ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவர் முன்சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்தார், சத்தம் போடவில்லை. ஓமந்தையில் மட்டும், “எனக்கு ஏலாதப்பா” என்றார். வானைத் திருப்பினார்கள். பின்னால் போகிற பாதையைத் திரும்பிப் பார்க்கக்கூட அவருடைய முதுகு விடவில்லை.

அன்றிலிருந்து ஸ்ரீஸ்கந்தராஜாவின் மனதில் ஒரே வண்டிதான் ஓடியது: பள்ளம் தெரியாத வண்டி.

என்னிடம் வந்தபோது அவர் வேகத்தைப் பற்றிக் கேட்கவேயில்லை. நானூறு குதிரை வலு என்று நான்தான் அளந்தேன். அவர் இடது பக்க முன்சீட்டில் ஏறிச் சாய்ந்து கண்களை மூடிக்கொண்டார்.

“தம்பி, அந்தக் கல்லு ரோட்டால ஒருக்கா ஓட்டும்.”

ஓட்டினேன். அந்த வண்டிக்கு ஸ்பிரிங் கிடையாது. நான்கு சில்லுக்கும் மேலே காற்றுப் பைகள். கல்லும் குழியும் எங்கோ கீழே நடந்துகொண்டிருந்தன. போய்த் திரும்பும்வரை அவர் கண் திறக்கவில்லை.

“அவவின்ர முதுகுக்கு இது காணும்,” என்றார்.

கனடாவிலிருந்து மகன் நிரோஜன் அனுப்பியது, ஓய்வுக்குக் கிடைத்தது, ஊர்க் காணி எல்லாம் அதில் போயின. (விலையை எழுதக் கை வரவில்லை.)

3

இரண்டாவது வாரம், எல்ல ஊர் ஏற்றத்தில் குழாய் வெடித்தது.

பண்டாரவளை ரோட்டில் இராமையாவின் கராஜ். லுணுகலைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் தொழிலாளர் லயத்தில் பிறந்து, கொழுந்து லொறிகளைத் திருத்தித் தொழில் பழகியவர். வண்டிக்குள் தலையை விட்டு நெடுநேரம் பார்த்தார்.

“ஐயா, மனுசன் கை போகாத எடத்துல வச்சிருக்காங்க. எஞ்சின்ல பாதியக் கழட்டுனாத்தான் கொழாயே தெரியும்.”

“கழட்டுங்கோ.”

“சாமான் சிங்கப்பூர்ல இருந்து வரணுங்க.”

“வரட்டும்.”

“ஐயா கோவிச்சுக்காதீங்க. இத வித்துப்புட்டு நல்ல வேன் ஒண்ணு வாங்குங்களேன்.”

“வானில அவவால இருக்கேலாது, இராமையா.”

இராமையா ஸ்பானரை எடுத்தார்.

[இப்படிப்பட்ட வண்டியை வாங்க நினைத்து இதை வாசிப்பவருக்கு: வருடம் போகப் போக வண்டியின் விலை இறங்கும், அதன் சாமான்களின் விலை இறங்காது. காற்றுப் பை கசிந்தால் காலையில் வண்டி ஒரு பக்கம் எருமை படுத்த மாதிரிக் கிடக்கும். கூரைக் கண்ணாடியின் வடிகாலில் இலை அடைத்தால் மழைத் தண்ணீர் கார்ப்பெட்டுக்கு அடியில் தேங்கும். கம்பியூட்டர் பெட்டி இருப்பது அங்கேதான். இந்த இரண்டும் ஸ்ரீஸ்கந்தராஜாவுக்கு நடந்தன. நான் அப்போது அவரைக் கண்டால் மறுபக்க நடைபாதைக்கு மாறிவிடுவேன்.]

ஒவ்வொரு பாடசாலை விடுமுறைக்கும் ரீச்சர் பை அடுக்கினார். ஒவ்வொரு விடுமுறையும் வண்டி கராஜில் முடிந்தது. 2006 ஏப்ரலில், நடுவே சுழலும் ஷாப்டைத் தாங்கும் பெயரிங் தேய்ந்து, தரைக்குக் கீழே யாரோ சுத்தியலால் அடிப்பது போல் இடித்தது.

இந்த இடத்தில் எனக்கு ரீச்சர் மேல் சந்தேகம் வருகிறது. ஏன் இவர் கோபப்படவில்லை? ஒரு பிரதியில் அவரைக் கத்த வைத்தேன். அதை வாசித்த இராமையா, “ரீச்சரம்மாவா? அவங்க அடுக்குன பையப் பிரிச்சு மடிச்சு வைப்பாங்க. அம்புட்டுத்தான். அதப் பாக்கத்தான் ஐயாவால முடியாது” என்றார். கத்தலை எடுத்துவிட்டேன்.

4

ஓகஸ்ட் விடுமுறையில் ரீச்சர் பையைப் பிரிக்கவில்லை.

“நான் பஸ்ஸில போறன்.”

“பத்து நாளில பெயரிங் வந்திடும், சுலோ.”

“போன முறையும் பத்து நாள்தான். கேசினிக்குக் கண் ஒப்பரேசன். தலையணையோட போறன். நீங்கள் வண்டியைத் திருத்திக்கொண்டு வந்து என்னைக் கூட்டிக்கொண்டு வாங்கோ.”

போய்ச் சேர்ந்ததும் தொலைபேசியில், “படுத்துக்கொண்டுதான் கதைக்கிறன்” என்றார். ஒரு கிழமையில் சண்டை தொடங்கிப் பாதை மூடப்பட்டது. பெயரிங் அதற்கு ஒன்பதாம் நாள் வந்தது.

வாங்கிய நாளிலிருந்து முதல் தடவையாக வண்டியில் ஒரு குறையும் இல்லை. ஸ்ரீஸ்கந்தராஜா அதை மதவாச்சிவரை ஓட்டிக்கொண்டு போனார். அங்கே நின்ற ஆமிக்காரன் வண்டியைச் சுற்றிவந்து ரசித்துவிட்டு, “பார நே, மாத்தயா” என்று சிங்களத்தில் சொன்னான். பாதை இல்லை. திரும்பினார்.

பற்றறி இறங்காமலிருக்க ஒவ்வொரு காலையும் எஞ்சினை ஓடவிட்டு உட்கார்ந்திருப்பார். இடது பக்கச் சீட்டை ரீச்சருடைய முதுகுக்கு ஏற்றபடி சாய்த்து வைத்திருந்தார். அதில் யாரையும் ஏற்றவில்லை. தொலைபேசி கிடைக்கிற நாட்களில் ரீச்சர் அங்கே அரிசி என்ன விலை என்று சொல்வார். பிறகு கேட்பார்:

“வண்டி?”

“நல்லா நிக்குது.”

அதற்குப் பிறகு இருவருக்கும் பேச ஒன்றும் இருக்காது. ஆனாலும் இருவரும் தொலைபேசியை வைக்கமாட்டார்கள்.

5

ஏழு மாதம் கழித்து, யாழ்ப்பாணத்திலிருந்து திருகோணமலைக்கு வரும் கப்பலில் ரீச்சருக்கு இடம் கிடைத்தது. திருகோணமலையில் ஸ்ரீஸ்கந்தராஜா இரண்டு நாள் முன்பே போய் நின்றார். ரீச்சர் மெலிந்து, ஒரு தடியை ஊன்றியபடி வெளியே வந்தார்.

“ஓடுதோ?”

“ஓடுது.”

கந்தளாய் வருமுன் ரீச்சர் தூங்கிவிட்டார். ஏழு மாதம் சீமெந்துத் தரையில் படுத்தவர். வாய் சற்றுத் திறந்திருந்தது. பள்ளம் வந்தபோதெல்லாம் ஸ்ரீஸ்கந்தராஜா அவருடைய கையைப் பார்த்தார். அது எதையும் பிடிக்கவில்லை. மடியில் மலர்ந்து கிடந்தது.

பிபிலை தாண்டி லுணுகலை ஏற்றத்தில் வெப்பமுள் ஏறத் தொடங்கியது. (தண்ணீர்ப் பம்பு என்று இராமையா பிறகு கண்டுபிடித்தார்.) சிவப்பு விளக்கு எரிந்தது. உடனே நிறுத்தினால் எஞ்சின் தப்பும் என்று எஞ்சினியருக்குத் தெரியாதா? ஹீட்டரை முழுதாகத் திறந்தால் சூடு கொஞ்சம் இறங்கும் என்பதும் தெரியும். இரண்டில் எதைச் செய்தாலும் ரீச்சர் விழித்துவிடுவார்.

ஒரு பிரதியில் ஸ்ரீஸ்கந்தராஜாவை வண்டியை நிறுத்த வைத்தேன். தோட்டத்துப் பீலியில் தண்ணீர் பிடித்து ஊற்றி, எஞ்சினும் தப்பி, இருவரும் வீடு சேர்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த முடிவு. என் பாவமும் அதோடு குளிர்ந்துவிடும். ஆனால் அவர் நிறுத்தவில்லை. லுணுகலைக் கடைத்தெருவைக் கடந்து, பசறைப் பக்கம் ஆறு மைல் ஓட்டினார். பிறகு ஒரே ஒரு இடி. ஒரு வளைவில் எஞ்சின் இறுகி நின்றது. அந்த வண்டி பிறகு ஓடவேயில்லை. இராமையா டிராக்டரில் கட்டி இழுத்துப் போனார்.

அந்த வளைவில் ரீச்சர் ஏதோ சொன்னாராம். என்னவென்று போன மாதம் ஸ்ரீஸ்கந்தராஜாவிடம் கேட்டேன். குழாய் விஷயத்தையும் அன்றுதான் அவரிடம் சொன்னேன். “அது எனக்கு அப்பவே தெரியும், தம்பி” என்றார். ரீச்சர் சொன்னதை மட்டும் சொல்லவில்லை. எழுந்து போய் எனக்குத் தேநீர் போட்டுக்கொண்டு வந்தார்.

ரீச்சர் சொன்னதை நான் எழுதினால் என்னை மன்னிக்கிற ஒரு சொல்லை எப்படியாவது உள்ளே நுழைத்துவிடுவேன். நீங்கள் எழுதுங்கள். உங்களுக்கு உதவியாக இவ்வளவும் தருகிறேன்: பின்னேரம் நான்கு மணி. பொனெற்றிலிருந்து ஆவி எழுகிறது. கீழே கொழுந்து நிறுக்கும் சத்தம். அவர் இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கில் வைத்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருக்கிறார். ரீச்சர் கண் திறந்திருக்கிறார்; எப்போது திறந்தார் என்பது தெரியாது.

“இஞ்சருங்கோ,” என்கிறார்,