பலகையில் மிச்சமிருந்த ஒன்று

…இன்னும் ஒரே ஆள்தான், நூற்று நாற்பது உள்ளே போய் வந்துவிட்டது, அடுத்தது பிரவீணா, அவளுக்குப் பின்னால் நான், நூற்று நாற்பத்திரண்டு. காலேஜ் அட்மிஷன் ஹால் கரும்பலகையில், மிச்ச சீட் கணக்கில், தாவரவியலுக்கு நேரே இருந்த இரண்டை அட்டெண்டர் பொன்னுசாமி டஸ்டரால் துடைத்துவிட்டு ஒன்று என்று எழுதுகிறார், இவ்வளவு அழகாக எழுத வேண்டுமா அதை. பொருளியல் எட்டு, புள்ளியியல் பதினொன்று, அதெல்லாம் காலையிலிருந்து அப்படியே கிடக்கிறது, யாருக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம். எனக்கு அந்த ஒன்று வேண்டும். அது பிரவீணாவுடையது. இருவருக்கும் ஒரே மார்க்குதான், ஆனால் என்னைவிடப் பதினோரு நாள் மூத்தவளாம், அதனால் ரேங்க் லிஸ்டில் முன்னால் வைத்துவிட்டார்கள், பதினோரு நாள் முன்னால் பிறந்ததெல்லாம் ஒரு திறமையா… அவள் இங்கே இல்லை. சான்றிதழ் சரிபார்க்கிற மேசையில் சாதிச் சான்றிதழ் ஜெராக்ஸ் ஒன்று குறைகிறது என்றார்கள், எதிர்க்கடையில் கரண்ட் இல்லை, பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருக்கிறாள். போகும்போது என் தோளைத் தட்டி, “நம்பர் வந்தா ஒரு கால் பண்ணுடி, ஓடியாந்துடுறேன்” என்றாள். சரி என்று தலையாட்டினேன். நிஜமாகத்தான் ஆட்டினேன், அப்போது பலகையில் நான்கு இருந்தது.

மடியில் இருக்கிற பை அதிர்கிறது. அவள்தான். கூப்பிட்டுவிட்டார்களா என்று கேட்பாள். எடுத்து, சீக்கிரம் வா என்று சொல்ல இரண்டு விநாடி போதும்… நின்றுவிட்டது. எடுக்காமல் இருப்பது பொய்யில்லையே, போன் பைக்குள் இருந்தது, ஹாலில் ஒரே சத்தம், கேட்கவில்லை, அவ்வளவுதான். மூன்று முறை கூப்பிட்டும் ஆள் வராவிட்டால் கடைசியில்தான் சேர்ப்பார்கள் என்று காலையிலேயே மைக்கில் சொன்னார்கள், அவளும்தான் கேட்டாள், அப்புறம் எதற்கு என்னை நம்பிப் போனாள். நம்பச் சொல்லி நானா கேட்டேன்.

எனக்கு எதற்கு பாட்டனி. நைனா பி.காம். எடு, கடைக்கு உதவும் என்றார், பஜாரில் எங்கள் பாத்திரக்கடையில் ஜி.எஸ்.டி. பார்க்க ஆள் வேண்டுமாம், மூன்று நாள் சோறு தின்னாமல் கிடந்து அவரைச் சம்மதிக்க வைத்தேன், அந்த மூன்று நாளும் என் கண்முன் வந்தது எந்தச் செடியும் இல்லை, பிரவீணா இந்தக் காலேஜ் வாசலுக்குள் தனியாக நுழைகிற மாதிரி ஒரு காட்சிதான். போன வருஷம் மழை விட்டதும் ராஜகிரி மலைக்குப் பின்னால் இருக்கிற பாறைக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாள். எனக்குக் கால் வலி, செருப்பு வேறு அறுந்துவிட்டது. அவள் ஈரப்பாறையில் குப்புறப் படுத்துவிட்டாள், யூனிஃபார்மைப் பற்றிக்கூடக் கவலையில்லை. ஒரு ரூபாய்க் காசு அளவுக்குச் சிவப்பாக ஒரு செடி, மேலெல்லாம் பசை, அதில் ஓர் எறும்பு ஒட்டிக்கொண்டு காலை ஆட்டிக்கொண்டிருந்தது. ச்சீ, எடுத்து விடுடி அதை என்றேன். அவள் எடுக்கவில்லை. “கல்லு மேல சாப்புட இன்னா இருக்குது அதுக்கு? அதான் எறும்பப் புடிக்குது. அது மேல தப்பில்ல” என்றாள். அவளிடம் இருப்பது பட்டன் போன், படம் எடுத்தது என் போனில், ஸ்டேட்டஸ் வைத்தது நான், பயாலஜி மிஸ் சூப்பர் என்று அனுப்பியதும் எனக்குத்தான். அன்றிலிருந்து வகுப்பில் செடிப் பைத்தியம் என்றால் யுவஸ்ரீ, நான்தான். பிரவீணாவும் கூடச் சேர்ந்து சிரித்தாள், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பொறாமைதான், அதற்கு வேறு பேர் வைக்க வேண்டாம். அவளுக்கு ஒன்று பிடித்திருக்கிறது, எனக்கு எதுவுமே பிடிக்கவில்லை, பதினேழு வயது வரைக்கும் எதுவுமே… மறுபடியும் பை அதிர்கிறது, முழங்காலுக்கு இடையில் வைத்து அழுத்திக்கொண்டேன்.

“நூத்தி நாப்பத்தொண்ணு, பிரவீணா, இளையபெருமாள் டாட்டர்.” ஒரு முறை. கதவுப் பக்கம் பார்க்கிறேன், யாரும் ஓடி வரவில்லை. இரண்டாம் முறை. வந்துவிடாதே, ரோட்டில் ஏதாவது பஸ் குறுக்கே மறித்துக்கொண்டு நிற்கட்டும், ஜெராக்ஸ் மெஷினில் பேப்பர் சிக்கட்டும், விழுந்து முட்டி உடைந்தாலும் பரவாயில்லை… இதை நினைத்தது நானா, ஆமாம், நான்தான் நினைத்தேன். மூன்றாம் முறை கூப்பிட்டுவிட்டு பொன்னுசாமி என்னைப் பார்த்தார், உன்கூட ஒரு பெண் இருந்ததே, எங்கே என்று கேட்டார். எழுந்து நின்றேன். “வீட்டுக்குப் போயிட்டா சார். அவளுக்கு இங்க வாணாமாம்” என்றேன். அவர் அவள் நம்பரை அடித்துவிட்டு என்னை உள்ளே போகச் சொன்னார்.

பிரின்சிபால் மேடம் சான்றிதழ்களைப் புரட்டிக்கொண்டே, ஏன் தாவரவியல் என்று கேட்டார். எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான், நேற்று ராத்திரி படுத்துக்கொண்டு நல்லதாக ஒரு பதில் தயார் செய்திருந்தேன், அது வரவில்லை, வாயைத் திறந்தால் பிரவீணா வந்தாள், மழை விட்ட பாறை, சிவப்புச் செடி, எறும்பு, கல் மேல் அதற்குச் சாப்பிட ஒன்றும் கிடையாது மேடம், அதனால்தான் பிடிக்கிறது, அதன் மேல் தப்பில்லை… அவளுடைய கையாட்டல்கூட எனக்கு வந்துவிட்டது. மேடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார், காலையிலிருந்து கிடைத்த முதல் நல்ல பதில் இதுதான் என்றார். பெருமையாகத்தான் இருந்தது, வெட்கமே இல்லாமல். அப்புறம், அந்தச் செடியின் பேர் என்னம்மா என்றார். தெரியவில்லை. அவள் சொன்னாள், இரண்டு பேர் சொன்னாள், நான் அறுந்த செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறந்துவிட்டது மேடம் என்றேன். முதல் நாள் வகுப்புக்கு வரும்போது தெரிந்துகொண்டு வா என்று கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்தபோது பொன்னுசாமி ஒன்றைத் துடைத்துவிட்டிருந்தார். பலகைக்கு முன்னால் பிரவீணா நிற்கிறாள், மூச்சு வாங்குகிறது, நெற்றியெல்லாம் வியர்வை, ஒரு கையில் ஜெராக்ஸ், இன்னொரு கையில் பேக்கரி கவர், அதில் இரண்டு பன். பலகையைப் பார்த்தாள், என் கையில் இருந்த அட்மிஷன் சீட்டைப் பார்த்தாள், பன் ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினாள். அழுதிருக்கலாம், திட்டியிருக்கலாம், எனக்கு வசதியாக இருந்திருக்கும். டவர் கிடைக்கலையா என்றாள். சுத்தமா இல்லடி என்றேன், பன்னை வாங்கிக்கொண்டேன், கடித்தும்விட்டேன். அதோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஆனால் வேறு யாரிடம் கேட்பது.

“அந்தக் கல்லு மேல பாத்தோமே செவப்புச் செடி, அதுக்குப் பேரு இன்னாடி?”

“ட்ரோசெரா. நம்ம பக்கம் அழுகண்ணின்னுவாங்க” என்றாள் உடனே. பரீட்சைக்கு முன்னால் எனக்கு மனப்பாடம் ஆகும்வரை சொல்லித் தருவாளே, அதே மாதிரி இன்னொரு முறையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். சொல்லி முடித்த பிறகுதான் என் முகத்தைப் பார்த்தாள். உள்ளே இதைக் கேட்டார்களா என்று அவள் கேட்கவில்லை, கேட்கத் தேவையில்லாத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது என் பை அதிர்ந்தது, நைனாவாகத்தான் இருக்கும், சீட் கிடைத்ததா என்று… பிரவீணா பையைப் பார்க்கிறாள், அது நிற்காமல் அதிர்கிறது, எடுக்கவா, எடுக்காமல் இருக்கவா… ட்ரோசெரா, ட்ரோசெரா, இது ஒரு செடிதான், இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது, மிச்சத்தையெல்லாம் நான் யாரிடம் கேட்பேன்.